கடப்பாரை படாத கல்

குமிழி வருகிறது. இரண்டு கொத்தாக வருகிறது, ஒன்று கித்தேரியுடையது, மற்றது அவளோடு இறங்கிய ஒடிசாக்காரப் பெண்ணுடையது, எது யாருடையது என்று படகிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இடதுபக்கக் கொத்துதான் என் மகள் என்று முடிவுசெய்துவிட்டேன், அது கொஞ்சம் அவசரமாக வருகிறது, அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடும்போதும் அப்படித்தான் மூச்சுவிடுவாள். ஐம்பது நிமிடம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஐம்பது நிமிடம் ஒரு மனுஷி தண்ணீருக்குள் இருப்பதை என் உடம்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. என் காலத்தில் ஒரு மூச்சு என்றால் ஒரு மூச்சுதான். அவள் முதுகில் சிலிண்டர் இருக்கிறது, மணிக்கட்டில் கருவி இருக்கிறது, இடுப்பில் கயிறு இல்லை. கயிறு இல்லாததைத்தான் நான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று நான்காவது நாள், கடைசி நாளும்கூட. இன்றைக்குள் அந்தக் கல் கிடைக்காவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி நிலையம் சிமெண்டுச் சட்டங்களையெல்லாம் வடக்கே வேறு பவளப்பாருக்குக் கொண்டுபோய்விடும். சூடு தாங்கிப் பிழைத்த பெரிய பவளம் ஒன்று வேண்டும், அதிலிருந்து விரலளவு துண்டுகள் எடுத்துச் சட்டத்தில் கட்டினால் புதிதாகப் பார் வளரும், அது எங்கள் ஊருக்கு எதிரே வளரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கியவள் அவள். எதை நம்பி? என் வாயை நம்பி. ஒரு டெம்போ வேன் அளவுக்கு ஒரு கல் இருக்கிறது, ஐந்து பாக ஆழத்தில் இருக்கிறது, கடப்பாரை படாத கல், சங்கம் விட்டுவைத்த கல் என்று நான் அவளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்ன கதையை நம்பி. மூன்று நாள் மணல்தான் இருந்தது. மணலும் செத்த சல்லியும். நேற்று ஏறிவந்து முகமூடியைக் கழற்றியவள் என்னைப் பார்க்காமல் துடுப்புக் காலணியைப் பார்த்துக்கொண்டே, நாளைக்குக் கிடைச்சிரும்பா என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தத்தில் முப்பதாம் நாள் ஆட்களுக்கு நான் பேசிய குரல் அது.

படகின் பின்பக்கம் கஸ்பார் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி சிசிலியாளின் அண்ணன். எழுபத்தாறு வயதில் இன்னும் சுக்கானை விடவில்லை. முப்பத்தேழு வருடமாக அவரும் நானும் நேருக்குநேர் பேசுவதில்லை, வேண்டியதைக் கித்தேரியிடம் சொல்லுவோம், அவள் மற்றவரிடம் சொல்லுவாள், எதிரில் இருப்பவர் காதில் அது முன்பே விழுந்திருக்கும். இப்போது அவள் தண்ணீருக்குள் இருப்பதால் படகில் பேச்சே இல்லை. அவர் விரல் அசைகிறது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்குகிறது. ஜெபம் எண்ணுகிறார். எண்ணட்டும். நான் என் மடியிலிருக்கும் அட்டையைப் பார்க்கிறேன். தண்ணீரில் நனையாத பிளாஸ்டிக் அட்டை, முக்குளிக்க வருகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்குவதற்கு, ஒரு பக்கம் பவளங்களின் படம், மறுபக்கம் தமிழில் பேரும் நாலு வரி எச்சரிக்கையும். அதை எழுதித்தர என்னைவிட்டால் ஆள் இல்லை என்றாள் மகள். உண்மைதான். எட்டாவதோடு நின்றவன் நான், ஆனால் இந்தக் கரையில் நான் எழுதிய நோட்டீஸ் ஒட்டாத சுவர் கிடையாது. இன்று எம்.ஏ. படித்தவன் எழுதுகிற துண்டுப் பிரசுரத்தில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று பேருக்கு நன்றி வருகிறது. நான் எழுதினேன். மான்கொம்பு: கிளை கிளையாகப் பிரியும், நுனி வெளுத்திருந்தால் வளர்கிறது என்று பொருள், முழுக்க வெளுத்திருந்தால் சாகிறது என்று பொருள். மேசைப் பவளம்: ஒற்றைக் காலில் நிற்கும் அகலத் தட்டு, அடியில் மீன் குடியிருக்கும், கையை விடாதே. தேன்கூடு: உருண்டை, அறை அறையாக இருக்கும். பூக்கோசு: பேரே போதும். மூளைப் பவளம்: வரி வரியாக வளைந்து ஓடும், இதைப் பார்த்தாவது நமக்கு மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொள். கடைசி வரியைக் கித்தேரி அடித்துவிட்டாள். மேலே போட்டிருந்த 'தோழர்களே'யையும் அடித்துவிட்டாள். எச்சரிக்கையை அப்படியே வைத்துக்கொண்டாள்: நிற்காதே, பிடிக்காதே, துடுப்பால் மணலைக் கிளப்பாதே, நீ இங்கே விருந்தாளி. தண்ணீருக்குள் பேச முடியாததால் ஒவ்வொரு பவளத்துக்கும் கைச்சாடை உண்டு, அதையும் சாப்பாட்டு மேசையில் எனக்குக் கற்றுக்கொடுத்தாள், மான்கொம்புக்கு நெற்றியில் இரண்டு விரல், மேசைக்கு முஷ்டிமேல் உள்ளங்கை, மூளைப் பவளத்துக்கு மண்டையில் முஷ்டியால் இரண்டு தட்டு. வாசலில் நின்று பார்த்த மச்சான் அவளிடம், கடைசிச் சாடையை உங்கப்பனுக்குச் சொல்லிக்கொடுக்காத மருமவளே, உள்ள ஒண்ணும் இல்லாம சத்தம் கேக்கும் என்றார். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கொத்து கிழக்கே நகர்கிறது. கடலில் மூழ்கி வேலை செய்பவனுக்கு எங்கள் பக்கம் குளியாள் என்று பேர், நான் பதினேழு வயதில் குளியாள் ஆனேன், சங்குக்கு இல்லை, கல்லுக்கு. பவளம் என்று யாரும் சொல்லவில்லை, கல் என்றுதான் சொன்னோம், காளவாசலில் வெந்தால் சுண்ணாம்பு, அவ்வளவுதான் அதற்கு மரியாதை. கடப்பாரையோடு இறங்கி, வெடிப்பில் செருகி, நெம்பி, விழுந்ததைக் கூடையில் கட்டி அனுப்புவோம். இடுப்புக் கயிற்றின் மறுமுனை மனைவியின் சகோதரன் கையில் இருக்கும், வேறு யார் கையிலும் இருக்காது. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கை தளர்த்தமாட்டான் என்பதுதான் அந்த ஏற்பாடு. என் கயிறு கஸ்பார் மச்சான் கையில் பதினான்கு வருடம் இருந்தது. நான் ஒருதரம் சுண்டினால் இழுக்கவேண்டும், சுண்டாமல் இழுக்கக்கூடாது. அவரிடம் கடிகாரம் கிடையாது, அருள்நிறைந்த மரியே மந்திரத்தைச் சொல்லி எண்ணுவார், என் மூச்சு ஏழு மந்திரம். சாமி இல்லை என்று மேடையில் பேசியவன் பதினான்கு வருடம் மாதாவின் எண்ணிக்கையில் உயிரோடிருந்திருக்கிறேன், இதை எந்த நோட்டீஸிலும் நான் எழுதவில்லை. சங்கம் கட்டினேன். நாற்பத்தொரு நாள் ஒரு படகு இறங்கவில்லை. ஜெயித்தோம், என் வாழ்நாளில் முழுசாக ஜெயித்த போராட்டம் அது ஒன்றுதான், படகுக்கு இத்தனை என்று கூலி ஏறியது, கூலி ஏறியதும் நாங்களே இன்னும் வேகமாக எடுத்தோம். முதலாளி கேட்டதைவிட அதிகம் எடுத்தோம். என் ஜெயம் இந்தக் கடலுக்கு அடியில் மணலாகக் கிடக்கிறது, மூன்று நாளாக என் மகள் அதன்மேல்தான் நீந்திக்கொண்டிருக்கிறாள். பின்னால் கல் எடுக்கக்கூடாதென்று சட்டம் வந்தது, சட்டத்தையும் எதிர்த்துப் பதினேழு நாள் உள்ளே இருந்தேன், அதற்கும் இப்போது வருத்தப்படவேண்டுமாம், ஒரு நிருபர் பையன் வந்து வருத்தப்படுகிறீர்களா ஐயா என்று கேட்டான், நீ சாப்பிட்டாயா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். என்னோடு உள்ளே இருந்தவர்களில் ஒருவன் ஒப்பந்தக்காரன் ஆனான், ஒருவன் சட்டப்பேரவை உறுப்பினனுக்குக் கார் ஓட்டினான், மற்றவர்கள் கல்லறையில். யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் ஒரு கல்லை விட்டுவைத்தோம். அது உண்மை. கடப்பாரை படாத கல். அச்சில் இருக்கிறது, ரோஸ் கலர்த் தாளில், மீன் குஞ்சு பொரிக்கும் அந்தக் கல்லில் எந்தத் தோழரும் கடப்பாரை வைக்கக்கூடாது என்பது சங்கத் தீர்மானம், கீழே என் பேர்.

அச்சில் இருக்கிறது. என் தொந்தரவே அதுதான். நான் எழுதியதை எழுதி முடித்தவுடன் நானே நம்பிவிடுவேன், அந்தப் பழக்கம் இல்லாதவன் ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கமுடியாது. கல்லை நினைத்துப் பார்க்கிறேன், ரோஸ் தாள்தான் வருகிறது. மறுபடி நினைக்கிறேன், கித்தேரிக்குச் சொன்ன கதை வருகிறது, கதையில் கல்லுக்குப் பச்சை நிறம், அது அவள் கேட்டுக்கொண்டதால் நான் கொடுத்த நிறம். எட்டு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லை எனக்குக் காட்டுவீங்களா என்று கேட்டாள். காட்டுகிறேன் என்றேன். நீச்சல் கற்றது அதற்காக, படித்தது அதற்காக, அந்தமானில் போய்ப் பயிற்சியாளர் ஆனதுகூட அதற்காகத்தான் என்று ஒருதரம் தன் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இப்போது அங்கே கல் இல்லையென்றால் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஏறிவருவாள், துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுவாள், அப்பா சாப்டீங்களா என்பாள். அதை என்னால் தாங்கமுடியாது, கேட்டுவிட்டால் தாங்குவேன். அடையாளம் சரிதானே? எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தீவு விளக்கும் உப்புக் கம்பெனிக் குழாயும் ஒரே கோட்டில் வரவேண்டும், அது வருகிறது. கரைப்பக்கம் கோயில் கோபுரத்துச் சிலுவை, பின்னால் செம்மணல் தேரி மேட்டில் நிற்கும் ஒற்றை இரட்டைத்தலைப் பனைக்கு நேரே வரவேண்டும், அதுவும் வருகிறது, இதோ, பனைக்கு நடுவில் சிலுவை ஊசி குத்தியதுபோல் நிற்கிறது. நான் சொன்ன கோட்டைத்தான் கித்தேரி தன் கருவியில் எண்ணாக ஏற்றினாள். நல்ல சிலுவை. பகலில்கூட மின்னுகிறது. பழைய சிலுவை மின்னாது, மரத்தில் செய்து தார் பூசியிருந்தது. அப்படியானால் இது புதுச் சிலுவை. புதுச் சிலுவை என்றால் புதுக் கோபுரம், ஆமாம், கோயிலை இடித்துக் கட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது, எனக்குத் தெரியும், திறப்புவிழா அழைப்பிதழைக் கிழித்துப்போட்டவன் நான்தானே. நான் சிறையிலிருந்தபோது பங்குச்சாமி பிரசங்கத்தில் என் பேரைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வளாகத்தில் நான் கால் வைத்ததில்லை, சிசிலியாளின் அடக்கப் பூசைக்குக்கூட ரோட்டில் நின்றேன், பெட்டி வெளியே வந்தபிறகு பின்னால் நடந்தேன். பழைய கோயிலை இடித்துவிட்டா புதியதைக் கட்டினார்கள்? ஒரு ஞாயிறுகூடப் பூசை நிற்கவில்லையே. பழையது நிற்கும்போதே கட்டினார்கள். அதே இடத்தில் எப்படிக் கட்டுவார்கள்? பக்கத்தில் கட்டியிருப்பார்கள். கரையில் நாற்பதடி தள்ளினால் பனைக்கும் கோபுரத்துக்கும் உள்ள தூரத்துக்கு இங்கே முந்நூறு அடி தள்ளும். ஊரில் கோயில் நகர்ந்தது தெரியாத ஒரே மனிதன் காட்டிய இடத்தில் என் மகள் நான்கு நாளாக மணலைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

பின்பக்கம் விரல் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியும். தினமும் காலைப் பூசைக்குப் போகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா, முதல் நாளே தெரிந்திருக்கும், நான் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார், மூன்று நாள் டீசலை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்கமாட்டேன். கித்தேரி ஏறிவரட்டும், அவளிடம் சொல்லி அவரிடம் கேட்கச் சொல்லுவேன். எப்படிச் சொல்லுவேன், உன் அப்பா கோயில் வாசல் மிதிக்காததால் கோபுரம் எங்கே நிற்கிறது என்று தெரியாது என்றா? அவள் வரும்போது ஆளுக்கு ஒரு சிலிண்டர்தான் மிச்சம் இருக்கும், யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வெயில் முதுகில் ஏறுகிறது. மச்சான் டீ ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி, குடிக்காமல், நடுப்பலகையில் வைக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவில். நாலு நாளும் இப்படித்தான் வைத்தார், நானும் எடுத்துக் குடித்தேன், பேச்சில்லாமல் டீ குடிப்பதில் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது என்று வைத்துக்கொண்டேன். மூடியை எடுக்கிறேன். சூடு. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது கை நீள்கிறது, வாயும் திறந்துவிட்டது.

"மச்சான், பழைய கோபுரம் எந்தப் பக்கம் நின்னது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரையைப் பார்க்கிறார். "தெக்க," என்கிறார். "இப்ப கொடிமரம் நிக்கில்லா, அங்க." பிறகு, "முப்பத்தேழு வருசத்துல கேட்ட முத கேள்வி கோயிலப் பத்தியாவே?" என்கிறார். உதடு அசையாமல் சிரிக்கத் தெரிந்தவர்.

கித்தேரியும் மற்றவளும் ஏறினார்கள், மணல்தான் என்றார்கள், நான் சொன்னேன், என் தப்பு, கோபுரம் நகர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவள் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள், கல் கிடைத்ததுபோல் ஒரு முகம். ஏறிவந்து ஒரு மணி நேரமாவது மேலே இருக்கவேண்டும் என்று கருவியைப் பார்த்துச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தில் மச்சான் என்ஜினைப் போட்டு, கொடிமரத்தைப் பனைக்கு நேரே கொண்டுவந்து, நங்கூரத்தை மணலாகப் பார்த்துத் தானே இறக்கினார். இப்போது கடைசிச் சிலிண்டர்கள் கீழே இருக்கின்றன. கல் கண்ணில் பட்டால் ஆரஞ்சு நிறக் குழாயில் காற்றை ஊதி மேலே அனுப்புவாள், அதுதான் அடையாளம். குமிழி வருகிறது. ஆரஞ்சு வரவில்லை. பின்பக்கம் கட்டைவிரல் கணுவில் ஏறுகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்துக்கொண்டிருந்தவன் எப்போது அதோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. மூன்று. நான்கு. கடப்பாரை படாத கல். ஐந்து. என் உள்ளங்கை ஏன் அதிர்கிறது? கல்லில் இரும்பு இறங்கும்போது கட்டைவிரல் அடியில் ஒரு வலி ஓடும், சாதாரணக் கல்லில் அப்படி ஓடாது, பொருபொருவென்று விட்டுவிடும், இந்த வலி நெம்பியும் விடாத கல்லின் வலி. எந்தக் கல் அது? சங்கத்துக்காரன் உடம்பு வணங்கமாட்டான் என்று காளவாசல்காரன் சொன்னான். நான் ஆட்கள் முன்னால் எழுந்து, இந்தப் பக்கத்திலேயே பெரிய கல்லை நான் ஒருத்தன் கொண்டுவருகிறேன் பார் என்றேன். இறங்கினேன். வைத்தேன். வைத்தேன், கடப்பாரையைக் கல்லின் நடுமண்டையில் வைத்து முழம் இறக்கினேன், ஆறு போனது தெரியும், ஏழு போனது தெரியும், சுண்டவில்லை, இன்னும் ஒரு நெம்பு என்று நின்றேன், கண்ணில் கறுப்பு வந்தது. அப்போது கயிறு இழுத்தது. நான் சுண்டாமல் கயிறு இழுத்தது. கடப்பாரை கையை விட்டுப்போனது. மேலே வந்து மூக்கில் ரத்தம் வழிய, எட்டுப் பேர் முன்னால், என் உயிரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, கருங்காலி என்றேன். வேலைநிறுத்தத்தை உடைத்தவனுக்குச் சொல்லுகிற சொல்லை. அவர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, சிசிலிக்கு மூணு மாசம் என்று மட்டும் சொன்னார். கித்தேரி. ஆட்கள் கல் எங்கே என்று கேட்டார்கள். தோற்றேன் என்று சொல்லத் தெரியாதவன், விட்டுவைத்தேன் என்று சொன்னேன், மறுவாரம் ரோஸ் தாளில் தீர்மானமாக்கினேன். அவருக்குத் தெரியும். எட்டுப் பேரில் ஒருவரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. என் பொய்யைத்தான் அத்தனை குளியாட்களும் மதித்து அந்தக் கல்லைச் சுற்றிப்போனார்கள்.

ஆரஞ்சு.

முதலில் அது வெயில் என்று நினைத்தேன். இல்லை, குழாய், நிமிர்ந்து நின்று ஆடுகிறது, மச்சான் எழுந்துவிட்டார், அந்த வயதில் படகில் எழக்கூடாது, எழுந்து நிற்கிறார், நானும் நிற்கிறேன், படகு சாய்கிறது, உக்காரும்வே என்கிறார், நீரு உக்காரும் என்கிறேன். வெகுநேரம் கழித்து இரண்டு தலை வருகிறது. கித்தேரி வாயிலிருந்து குழலை எடுக்கிறாள். இருக்குப்பா, என்கிறாள், நீங்க சொன்னதவிடப் பெரிசு, மேல்தட்டு செத்துப் பாசி பிடிச்சிருக்கு, பக்கமெல்லாம் உயிரோட இருக்கு, பச்சையும் மஞ்சளுமா. பச்சை. நான் கொடுத்த நிறம். அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் தொங்குகிறாள், எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறாள்.

"அப்பா, கடப்பாரை பட்டதே இல்லன்னு சொல்வீங்கல்லா. நடுவுல ஒரு இரும்பு நிக்கி. நாலு விரக்கடைதான் வெளிய தெரியுது, மீதியக் கல்லு வளந்து மூடிட்டு. யாருது அது?"

ஓட்டமாக ஒரு வாக்கியம் வருகிறது, முன்பின் யோசிக்காமல் அச்சுக்கே அனுப்பக்கூடிய வாக்கியம், வேறு ஊர்க்காரர்கள் வந்து வைத்திருப்பார்கள் என்று தொடங்குகிறது. அதை விழுங்குகிறேன்.

"என்னுது," என்கிறேன்.

தண்ணீர் படகில் தட்டுகிறது. மச்சான் குனிந்து அவள் சிலிண்டரின் வாரை அவிழ்க்கிறார், இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் வைக்கிறார்.

"அவருதில்ல மருமவளே," என்கிறார். "அது என் கடப்பாரை. உங்கப்பன் இரவல் வாங்கிட்டு எறங்கினாரு. இன்னும் திருப்பித் தரல."

கித்தேரி சிரிக்கிறாள், சிரித்ததில் உப்புத்தண்ணீர் வாய்க்குள் போய் இருமுகிறாள், இருமிக்கொண்டே முஷ்டியால் தன் மண்டையில் இரண்டு தட்டு தட்டி எங்கள் இருவரையும் காட்டுகிறாள். நான் மச்சான் பக்கம் திரும்பி, அதை எடுக்கவேண்டுமென்றால் இனி கல்லைத்தான் உடைக்கவேண்டும் என்கிறேன்.

"கெடக்கட்டும்வே," என்கிறார்.